ஏழாம் வரிசை, பதினொன்றாம் இருக்கை

ஹார்லன் ஸ்பிரிங்ஸ், அலபாமா
11 செப்டம்பர் 1988

அன்புள்ள ஆர்டீலியா பெரியம்மாவுக்கு,

டெல்ஃபின் எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். படியேறும்போது அம்மாவின் முழங்கால் முனகுகிறது, அம்மா முனகுவதில்லை. உங்கள் விரல் மரத்துப்போவது குறைந்ததா? கார் இருக்கைக்கு உறை தைப்பவர்களுக்கு அது வரும் என்று நூலகப் புத்தகத்தில் படித்தேன். வெந்நீரில் கையை வைத்திருக்கச் சொல்கிறது.

கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரு காரணம் இருக்கிறது. கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற கொரோனெட் தியேட்டரை 1936இல் கட்டியபோது இருந்தபடியே புதுப்பிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். ஒன்பது பேர். நம் தேவாலயத்தின் சார்பில் அம்மா இருக்கிறாள். தலைவர் திருமதி ஹேசல் கிரென்ஷா. அவருடைய அப்பா திரு. லெதர்வுட்தான் அங்கே முப்பது வருஷம் மேலாளராக இருந்தாராம், அதனால் அவர் தியேட்டரைத் தன் பிறந்த வீடு மாதிரி பேசுகிறார். என் கையெழுத்து நன்றாக இருப்பதால் குழுவின் கடிதங்களை எழுதும் பொறுப்பு எனக்கு! பதின்மூன்று வயதில் ஒரு குழுவின் செயலாளர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுதுறவள்னு சொல்லிக்கோ, போதும்" என்றாள்.

இப்போது விஷயம். மாநில அரசின் பழங்கட்டட அலுவலகம் பணம் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறார்கள்: இருக்கைகளின் முதல் நிறம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன? பழைய இருக்கைகளை யாரோ கூடாரம் போட்டு நடத்தும் பிரசங்கக் கூட்டத்துக்கு வாங்கிப் போய்விட்டார்கள். புகைப்படம் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஜனவரி 31க்குள் ஆதாரம் போகாவிட்டால் பணம் வராது, கூரை ஒழுகுவது நிற்காது, வசந்தத்தில் நகர மன்றம் இடித்துவிட்டு வங்கிக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடம் போடும்.

நீங்கள் பதினேழு வயது வரை இங்கே இருந்தவர். இருக்கைகள் என்ன நிறம்? எந்தத் துணி நீடிக்கும் என்பதையும் எழுதினால் குழுவுக்கு உதவி.

குளிர் தொடங்குமுன் கம்பளிச் சட்டைகளை எடுத்து வெயிலில் போடுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
டெல்ஃபின் பக்னர்


டெட்ராய்ட்
2 அக்டோபர் 1988

அன்புள்ள டெல்ஃபினுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். விரல் அப்படியேதான் இருக்கிறது, வெந்நீர் வைத்துப் பார்க்கிறேன். இங்கே மரங்கள் உதிர்க்கத் தொடங்கிவிட்டன. தொழிற்சாலையில் இரண்டு வாரமாகக் கூடுதல் நேர வேலை.

துணி பற்றி. பருத்தி வெல்வெட் வாங்காதீர்கள். மூன்றே வருஷத்தில் முழங்கை படுமிடம் வழுக்கை விழும். ஆட்டு ரோமத்தில் நெய்த வெல்வெட் விலை கூடுதல், ஆனால் முப்பது வருஷம் நிற்கும். மயிர் படிகிற திசை எல்லா இருக்கையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வெட்டுகிறவனிடம் இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு இஷ்டப்படி வெட்டுவான். முதுகுத் தையலுக்கு இரட்டை நூல். தையல் ஒரு அங்குலத்துக்கு ஏழு, எட்டு வேண்டாம், எட்டுப் போட்டால் துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். அடியில் சணல் துணி போட்டு ஆணி அடிக்க வேண்டும்.

அம்மாவிடம் தூங்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா


ஹார்லன் ஸ்பிரிங்ஸ்
16 அக்டோபர் 1988

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

தலையணை வைத்ததில் முழங்கால் தேவலை. நானும் சுகம், கணக்கில் மட்டும் கொஞ்சம் சுகமில்லை. உங்கள் கடிதத்தைக் குழுவில் வாசித்தேன். மருந்துக்கடை திரு. டாப்ஸ் "இந்தம்மாவக் கூலிக்கு வச்சா நம்ம பாதிப் பேர் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அங்குலத்துக்கு ஏழு தையல் என்று தீர்மானமே போட்டாயிற்று.

நிறம் பற்றி நான் அறுபது பேருக்கு எழுதினேன். நாற்பத்தொரு பதில். சிவப்பு என்று இருபத்தாறு, மதுச் சிவப்பு ஒன்பது, நீலம் நான்கு, பச்சை ஒன்று. ஜார்ஜியாவிலிருந்து ஒரு பாட்டி, "நான் பார்த்தது என் கணவரின் காதை மட்டுமே" என்று எழுதியிருக்கிறார். திருமதி கிரென்ஷா சிவப்புதான் என்கிறார். ஆனால் மாநில அலுவலகத்துத் திரு. பெல் ஒப்புக்கொள்ளவில்லை. "இருட்டுல உட்கார்ந்திருந்தவங்க ஞாபகத்த நான் எப்படிங்க கோப்புல வைக்கிறது? துணி காட்டுங்க, இல்ல கிட்ட இருந்து வெளிச்சத்துல பாத்தவங்களக் காட்டுங்க" என்றார்.

நீங்கள் துணி பற்றி இவ்வளவு எழுதியதில் நிறத்தை எழுத மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். திரும்ப எழுதிக் கேட்கப்போகிறேன் என்றதும் அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அக்கா பதில் சொல்லலன்னா சொல்ல வேணாம்னுதான் அர்த்தம். விடு."

"மறந்திருப்பாங்கம்மா."

"ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல்னு நெனப்பு இருக்கறவ நெறத்த மறப்பாளா?"

அம்மா சொன்னதையும் எழுதிவிட்டேன், மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் சொல்லும் நிறத்தை நான் நம்புவேன்.

பெரியம்மா, கம்பளிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
டெல்ஃபின்


டெட்ராய்ட்
20 நவம்பர் 1988

அன்புள்ள டெல்ஃபினுக்கு,

சுகம். பனி விழுந்துவிட்டது. வியாழக்கிழமை நன்றி நாள் விருந்துக்குத் தேவாலயத்தில் நாற்பது பேருக்குச் சோள ரொட்டி என் பொறுப்பு.

நீ இரண்டு தடவை கேட்டுவிட்டாய். நான் மறக்கவில்லை.

குழு எல்லாவற்றையும் எண்ணி எழுதுகிறதே, அந்தத் தியேட்டருக்கு எத்தனை கதவு என்று எழுதியிருக்கிறதா?

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

பெரியம்மா


ஹார்லன் ஸ்பிரிங்ஸ்
4 டிசம்பர் 1988

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உடம்புக்கு எல்லோரும் நலம். அதற்குமேல் இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன்.

குழுவின் வரைபடத்தில் ஆறு கதவுகள். முன்னால் ஐந்து, திரைக்குப் பின்னால் ஒன்று. நான் சனிக்கிழமை அம்மாவுடன் போய்க் கட்டடத்தைச் சுற்றி நடந்து எண்ணினேன். ஏழு. ஏழாவது சந்துக்குள், குப்பைத் தொட்டிக்குப் பின்னால். அதன் மேல் புகையிலை விளம்பரம் வரைந்திருப்பதால் சுவர் மாதிரி தெரிகிறது. பக்கத்தில் முகம் மட்டும் நுழைகிற அளவு ஒரு டிக்கெட் ஜன்னல், செங்கல் வைத்து அடைத்தது. உள்ளே படிக்கட்டு. ஓர் ஆள்தான் ஏறலாம். முப்பத்து நான்கு படி, கைப்பிடி இல்லை.

"நீ இதுல ஏறியிருக்கியாம்மா?" என்றேன்.

"வேற எதுல ஏறுவாங்களாம்?" என்றாள் அம்மா. முழங்காலோடு மேலே வரைக்கும் ஏறினாள். மேலே நாற்காலி கிடையாது, பலகை பெஞ்சுகள்தான். அம்மா நேராகப் போய் ஒன்றில் உட்கார்ந்தாள், தேடவேயில்லை.

பெரியம்மா, எனக்கு இதெல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளையருக்கு ஒரு குடிநீர்க் குழாய், கறுப்பர்களான நமக்கு ஒரு குழாய் என்று இருந்ததைப் பற்றி ஏழாம் வகுப்பில் மூன்று பக்கக் கட்டுரை எழுதி முதல் மதிப்பெண் வாங்கினேன். அது ஏதோ பெரிய நகரத்தில் நடந்த மாதிரி எழுதியிருக்கிறேன். நாங்கள் பென்சில் வாங்குகிற கடைக்குப் பின் சந்தில் என்று எனக்குத் தோன்றவில்லை.

அறுபது கடிதம் அனுப்பினேன் என்றேனே, பத்தொன்பது பேர் பதில் போடவில்லை. அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது பேரும் நம் தேவாலயத்துக்காரர்கள். சோம்பேறிகள் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். உங்களை உட்கார விடாத நாற்காலி என்ன நிறம் என்று அவர்களிடம் கேட்டிருக்கிறேன். உங்களிடம் இரண்டு முறை.

பதில் எழுத வேண்டாம். பால்கனியைப் பலகை வைத்து அடைத்துவிட்டுச் சாமான் அறையாக்கலாம் என்பது குழுவின் திட்டம். அதைப் பற்றி அம்மா பேசப்போகிறாள்.

சோள ரொட்டி நன்றாக வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மன்னிப்புக் கேட்கும்,
டெல்ஃபின்


டெட்ராய்ட்
8 ஜனவரி 1989

அன்புள்ள டெல்ஃபினுக்கு,

புது வருஷம் எல்லோருக்கும் நல்லபடி இருக்கட்டும். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது எழுந்துவிட்டேன். ரொட்டி அடிப்பிடித்தது, யாரும் சொல்லவில்லை.

நீ மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. நிறம் எனக்குத் தெரியும்.

அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாது. விளக்கணைந்த பிறகு வந்தவர்கள், விளக்கு வந்ததும் கோட்டைத் தேடியவர்கள். எல்லா விளக்கும் எரியும்போது பார்த்தவள் நான். பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயது வரை சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சந்துக் கதவு வழியாகப் போய் அந்த இருக்கைகளைக் கழுவினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. கூலி, அன்று மத்தியானப் படத்துக்கு ஒரு பால்கனி டிக்கெட். உன் அம்மா அப்போது கைக்குழந்தை, அவளுக்குத் தெரியாது.

பச்சை. திரையைப் பார்த்துத் தேய்த்தால் புது இலைப் பச்சை. கதவைப் பார்த்துத் தேய்த்தால் கரும்பச்சை. விளிம்பில் விரல் அகலத்துக்குப் பொன்னிற நூல். சிவப்பு வந்தது நான் ஊரை விட்ட பிறகு. சிவப்பு என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, பிந்தி வந்தவர்கள்.

1950 மே மாதம், ஒரு சனிக்கிழமை. பின் வரிசையில் தொடங்கி முன்னால் வருவது என் வழக்கம். இருநூற்றுச் சொச்சம் முடித்திருந்தேன். ஏழாம் வரிசையில் பதினொன்றாம் இருக்கையிலிருந்து பார்த்தால் திரை சரியாக நடுவில் இருக்கும். குனிந்து கழுவும்போதே அது தெரியும். அன்று உட்கார்ந்தேன். திரையில் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளைத் துணி. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாளியில் வெந்நீர் ஆறியிருந்தது.

திரு. லெதர்வுட் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. அவரை எல்லோரும் நல்லவர் என்பார்கள், கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஆரஞ்சுப் பழம் கொடுப்பார். "அதத் திரும்பக் கழுவிடு, ஆர்டீலியா" என்றார். நின்று பார்த்தார். கழுவினேன். "இன்னொரு தடவ" என்றார். இன்னொரு தடவை கழுவினேன். "சரி" என்று போய்விட்டார்.

நடந்தது அவ்வளவுதான். செப்டம்பரில் டெட்ராய்ட் பஸ் ஏறினேன். எங்கள் அம்மாவிடம் வேலைக்காக என்றேன்.

என் வார்த்தை மட்டும் போதாது என்பார்கள். பால்கனியில் இடப்பக்கம் சுவரோரம் மூன்றாவது பெஞ்சுக்குப் போ. பலகை இடுக்கில் குளிர்காற்று வரும். கிழிந்த இருக்கை ஒன்றை மாற்றியபோது குப்பையில் போட்ட துணியை எடுத்து மடித்து அந்த இடுக்கில் அடைத்தேன். யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். காற்று எல்லோருக்கும்தான் அடித்தது.

இந்தக் கடிதத்தைக் குழுவிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். கொடுத்தால் முழுதாகக் கொடு. நிறத்தை மட்டும் கத்தரித்து எடுக்கக் கூடாது. நான் அளந்து வைத்த துணியை வேறொருவர் வெட்டுவது எனக்குப் பிடிக்காது.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பெரியம்மா


ஹார்லன் ஸ்பிரிங்ஸ்
22 ஜனவரி 1989

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

காய்ச்சல் முழுதும் விட்டதா? கோழிச் சாறு குடியுங்கள். நாங்கள் சுகம்.

உங்கள் கடிதத்தை அம்மா அடுக்களையில் நின்றபடியே படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். பாத்திரம் எல்லாம் ஏற்கெனவே கழுவியிருந்தது.

மறுநாள் பால்கனிக்குப் போனோம். குழுவின் பெயிண்டர் ஓடெல் உளி கொண்டுவந்தார். மூன்றாவது பெஞ்சு, பலகை இடுக்கு. என் விரல்தான் நுழைந்தது. முதலில் வந்தது எலிக்கூடு, பிறகு துணி. வெளியே தெரிந்த ஓரம் மட்டும் சாம்பல் நிறம். பிரித்தால் உள் மடிப்பில் பச்சை! ஒரு பக்கம் தேய்த்தால் புது இலை, மறுபக்கம் தேய்த்தால் கரும்பச்சை. பொன்னிற விளிம்பு விரல் அகலம். என் விரல் இல்லை, பெரியவர்கள் விரல்.

வியாழக்கிழமை குழு கூடியது. நடந்ததைக் கூடியவரை அப்படியே எழுதுகிறேன்.

துணியை மேஜையில் வைத்துவிட்டு உங்கள் கடிதத்தை வாசித்தேன். குரல் நடுங்காமல் வாசிக்க வீட்டில் இரண்டு முறை பழகியிருந்தேன்.

திருமதி கிரென்ஷா, "டெல்ஃபின் கண்ணு, துணி கெடச்சது பெரிய விஷயம். பச்சைன்னு சொல்ற பத்தி இருக்கு பாரு, அத மட்டும் அழகா படியெடுத்துக் குடு. கோப்புக்கு அது போதும்" என்றார்.

"முழுசாக் குடுக்கணும்னு எழுதியிருக்காங்க மேடம்."

"மாநிலத்துக்கு நெறம்தானே வேணும்? செத்துப்போன மனுஷன் வந்து பதில் சொல்ல முடியாது. எங்கப்பா யாருக்கும் கெடுதல் நெனச்சவர் இல்ல."

"அதான் அவளும் எழுதியிருக்கா" என்றாள் அம்மா. "ஆரஞ்சுப் பழம் குடுத்தார்னு."

திரு. டாப்ஸ், "துணிய மட்டும் அனுப்பிடலாமே, கடிதமே வேணாமே?" என்றார்.

"இந்தத் துணி எங்க இருந்துச்சுன்னு பெல் கேப்பார்ல? எலி கொண்டாந்து குடுத்துச்சுன்னு எழுதுவீங்களா?" என்றாள் அம்மா. ஓடெல் இருமினார். அது சிரிப்பு என்று நினைக்கிறேன்.

அப்புறம் அம்மா திரும்பி, "ஹேசல், தலைவர் கையெழுத்து நீ போடணும். போடுவியா மாட்டியா, அத மட்டும் சொல்லு" என்றாள்.

பெரியம்மா, அவர் அம்மாவை எப்போதும் கோரின் என்பார், அம்மா அவரை எப்போதும் மிசஸ் கிரென்ஷா என்பாள். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அறையில் எல்லோரும் அதைக் கவனித்தார்கள்.

திருமதி கிரென்ஷா துணியைக் கையில் எடுத்தார். ஒரு பக்கம் தடவினார், மறுபக்கம் தடவினார். நெடுநேரம் அதையே செய்தார். பிறகு, "எங்க வீட்டுல கால் வைக்கிற முக்காலி ஒண்ணு இருந்துது. இதே துணி. அப்பா மீதியில தச்சுக் குடுத்தார். தெனமும் நான் அது மேலதான் உட்காருவேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பேனாவைக் கேட்டார். உங்கள் கடிதத்தின் நான்கு பக்கத்திலும் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார், கூட்டம் முடிந்தது என்று சொல்லாமலே. அதைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் "கூட்டம் முடிந்தது" என்று எழுதினேன்.

கடிதம் முழுதாகப் போய்விட்டது. ஓர் ஓரம்கூட வெட்டவில்லை.

வெந்நீரில் கை வைக்க மறக்காதீர்கள்.

அன்புடன்,
டெல்ஃபின்


ஹார்லன் ஸ்பிரிங்ஸ்
19 மார்ச் 1989

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே பிளம் மரங்கள் பூத்துவிட்டன. அம்மா இப்போது படியில் இரண்டு இடத்தில் மட்டுமே நிற்கிறாள்.

பணம் வந்துவிட்டது. கூரை மாற்றுகிறார்கள். ஆட்டு ரோம வெல்வெட், பச்சை, அங்குலத்துக்கு ஏழு தையல். நாங்கள் எலிக்கூட்டில் எடுத்த துணியை நெசவாலைக்கு அனுப்பி நிறத்தைப் பிடித்தோம். சந்துக் கதவின் விளம்பரத்தைச் சுரண்டிவிட்டு மரத்தை வெளியே தெரியும்படி விட்டாயிற்று. ஜன்னல் செங்கல்லையும் எடுத்துவிட்டார்கள். பால்கனி சாமான் அறை ஆகவில்லை. அங்கே பெஞ்சுகள் பெஞ்சுகளாகவே இருக்கும், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். கதவுக்குப் பக்கத்தில் என்ன எழுதி வைப்பது என்று நான்கு கூட்டம் சண்டை. கடைசியில் திருமதி கிரென்ஷாவே, "என்ன கதவுன்னு எழுதுங்க, வருஷம் போடுங்க. சிங்காரிக்காதீங்க" என்றார். அப்படியே போட்டார்கள்.

திறப்பு விழா ஜூன் 10, சனிக்கிழமை, மாலை ஏழு மணி. இத்துடன் ஒரு டிக்கெட் வைத்திருக்கிறேன். ஏழாம் வரிசை, பதினொன்றாம் இருக்கை. உங்களை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன், இரண்டும் டெட்ராய்ட்டில். என் அறையைத் தருகிறேன். ஜன்னல் கிழக்கே பார்த்தது.

அம்மா உங்களை வற்புறுத்தக் கூடாது என்றாள். இது வற்புறுத்தல் இல்லை, டிக்கெட் மட்டும்தான்.

அன்புடன்,
டெல்ஃபின்


டெட்ராய்ட்
30 ஏப்ரல் 1989

அன்புள்ள டெல்ஃபினுக்கு,

நான் சுகம். தொழிற்சாலையில் முப்பத்தொன்பதாவது வருஷம் தொடங்குகிறது, கேக் வெட்டினார்கள், தேங்காய்க் கேக்.

டிக்கெட் வந்தது.

முதுகுத் தையலை யாராவது வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்களா? உறை போட்ட பிறகு பார்த்தால் திருத்த முடியாது.

கோரினுக்கு என் அன்பு.

பெரியம்மா


ஹார்லன் ஸ்பிரிங்ஸ்
11 ஜூன் 1989

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எல்லோரும் நலம், நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நேற்றுத் திறப்பு விழா நடந்தது.

வெளியே விளக்குப் போட்டபோது தெரு முழுக்கக் கைதட்டினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கையில் முந்நூற்றுப் பதினொன்று நிறைந்தது. நம் தேவாலயத்தார் ஐந்து முன்கதவிலும் பிரிந்து பிரிந்து நுழைந்தார்கள், எந்தக் கதவையும் விட்டுவிடக் கூடாது என்பது மாதிரி. அம்மா முதலில் முப்பத்து நான்கு படி ஏறிப் பழைய பெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கீழே வந்து என் பக்கத்தில் பன்னிரண்டாம் இருக்கையில் உட்கார்ந்தாள். படம் தொடங்குமுன் ஒருவர் வந்து "இங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று பதினொன்றைக் காட்டினார். "ஆமா, வருவாங்க" என்றேன். இடைவேளையில் இன்னொருவர் கேட்டார். அம்மா "ஆளிருக்கு" என்றாள். படம் முடியும் வரை அது மடங்கியே இருந்தது. நான் கோபமாக இல்லை. கொஞ்சம் இருந்தேன், படம் முடிகிற வரைக்கும்.

ஆனால் போகும்போது ஓடெல் ஒன்று சொன்னார். "காலைல கவர்மென்ட்டுலேர்ந்து ஒரு அம்மா வந்துச்சு, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். எந்த அம்மா என்றேன். "நம்ம ஆளுதான், சாம்பல் கலர் தொப்பி. முன்கதவுல வந்து நின்னு, 'எல்லா விளக்கையும் போடுப்பா'ன்னுச்சு. ஏன் எதுக்குன்னு கேக்க எனக்கு வாய் வரல, போட்டுட்டேன். நாற்காலிய மடக்கிக் குனிஞ்சு தையல எண்ணுச்சு. பெல் அனுப்பின ஆளுன்னு நெனச்சேன்."

திரு. பெல் யாரையும் அனுப்பவில்லை. நேற்று அவரே வந்திருந்தார், கேட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தொப்பி சாம்பல் கலரா?" என்று மட்டும் கேட்டாள்.

உங்களிடம் சாம்பல் நிறத் தொப்பி இருக்கிறதா?

அன்புடன்,
டெல்ஃபின்


மொபீல், அலபாமா
16 ஜூன் 1989

அன்புள்ள டெல்ஃபினுக்கு,

சுகம். இருக்கிறது.

மொபீலில் எங்கள் தேவாலயப் பெண்கள் மாநாடு. நாளை முடிகிறது. வீட்டுக்கு வந்த உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரி தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள், அதனால் இங்கிருந்தே எழுதுகிறேன். டெட்ராய்ட்டிலிருந்து மொபீல் போகிற பஸ் ஹார்லன் ஸ்பிரிங்ஸில் ஐம்பது நிமிடம் நிற்கும். பஸ் நிலையத்திலிருந்து கொரோனெட்டுக்கு எட்டு நிமிடம் நடை, முன்பு ஆறு. கோரின் வீட்டுக்கு வந்திருந்தால் சாப்பிடாமல் விடமாட்டாள், பஸ் போயிருக்கும். அவள் திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன். திரும்பிப் போகும்போது திங்கட்கிழமை அங்கே இறங்குகிறேன். உன் கிழக்கு ஜன்னல் அறை வேண்டாம், அம்மாவோடு படுத்துக்கொள்வேன். அவள் முழங்காலையும் பார்க்க வேண்டும்.

மாலை விழாவுக்கு இருந்திருக்கலாமே என்று கேட்பாய். மாலையில் விளக்கை அணைத்துவிடுவார்கள்.

முதுகுத் தையல் அங்குலத்துக்கு ஏழு, சரியாக இருக்கிறது. பன்னிரண்டாம் வரிசையில் நான்காவது இருக்கையில் மட்டும் மயிர் எதிர்த்திசையில் படிகிறது. வெட்டியவனிடம் எழுதி வாங்கியிருந்தால் காட்டிக் கேளுங்கள். பச்சை சரியான பச்சை. அந்தப் பெயிண்டர் நல்ல பையன், ஒன்றும் கேட்கவில்லை, விளக்கைப் போட்டுவிட்டு ஏணிக்குப் போய்விட்டான்.

ஏழாம் வரிசை, பதினொன்றாம் இருக்கை. பயணத் தூசி அப்படியே என் பாவாடையில் இருந்தது. திரையில் ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் இருந்தேன்.

எழுந்து வந்தேன். துடைக்கவில்லை.

அன்புடன்,
பெரியம்மா